மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக்

டிரைவிங் மாஸ்டர் தன் வாழ்நாளில் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தியதே கிடையாது. இதை அவரே சொல்லிக்கொள்வார், அதுவும் நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டும் புது மாணவனிடம், பக்கத்துச் சீட்டில் சாய்ந்தபடி, "வண்டி உன்னோடது, முடிவும் உன்னோடது. நான் சும்மா உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்" என்பார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் எல்லாம் அது உண்டு. சொல்லிக்கொடுப்பவர் பக்கம் தனியாக ஒரு பெடல். அவர் மிதித்தால், ஓட்டுகிறவன் தலைகீழாக நின்றாலும் வண்டி நகராது. முதல் நாள் வகுப்பில் அந்தப் பெடலைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடமாட்டார்.

இளவயதில் ஒரு லாரி கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி வரும்போது டிரைவர்கள் எல்லாம் எழுந்து நிற்க வேண்டும் என்று புது விதி வந்தது. இவர் எழுந்திருக்கவில்லை. "என்னைக் கேக்காம என் முட்டிக்கு ஆர்டர் போட நீ யாரு?" என்று கேட்டுவிட்டுச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். உண்மையிலேயே வந்தார். அதில் பொய் இல்லை, அந்த மனிதரிடம் முதுகெலும்பு இருந்தது. அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டிக்கொண்டே இருப்பார் என்பதுதான் மற்றவர்களுக்கு வந்த வினை.

கல்யாணம் ஆனபோது அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கலகலவென்று பேசுகிற பெண். "வேலைக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம்" என்றார் மாஸ்டர். மறுநாளிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் போட்ட சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் அறைக்குள் வந்தால் இவர் வெளியே போனார். அவள் ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்ற அன்று சாயங்காலம் முகம் மலர்ந்து, "டீ போடேன்" என்றார். பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "அவளா விட்டுட்டா, நான் ஒரு வார்த்தை சொல்லலை" என்றார். நிஜந்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவதும் இப்படித்தான் அவள் இஷ்டமாக இருந்து, வருஷத்துக்கு ஒரு தடவையாகி, பிறகு நின்றுபோனது. காலையில் அவர் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "எப்போ வருவீங்க?" என்று கேட்பாள். "வரும்போது வருவேன்" என்பார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளாவது ஒரு நேரத்தைச் சொன்னதில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

ஒரே ஒரு முறை அவள் ஒன்று ஆசைப்பட்டாள். "எனக்கும் கார் ஓட்டக் கத்துக்குடுங்களேன்" என்றாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஊர்க்கோடியில் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். அவள் கியர் போட்டு, சொன்னபடியே கிளட்ச்சை மெல்ல விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. வெயில் ஏறும் வரை அந்த வண்டி ஒரு அடி நகரவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததும் மாஸ்டர், "விடு, உனக்கு வராது" என்று ஆறுதலாகச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த எல்லா மாணவர்களுக்கும் முதல் ஜோக் அதுதான். "என் வீட்டுக்காரி ஓட்டின கார் மாதிரி ஆயிடாதேப்பா, நிறுத்தின இடத்துலயே ஊர் சுத்திட்டு வந்தா!"

இவர்கள் குடியிருந்தது ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மேல் மாடி. வீடுகள் அவரவர்க்குச் சொந்தம். வராந்தா, படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கீழே கார் நிறுத்துமிடம் எல்லாம் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். மற்றவர்கள் வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் பேசியே பழக்கப்பட்டவர், அதனால் குரல் தேனாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் காலையில் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் கூடுவார்கள். அந்த வருஷத்து விதிகளை டாக்டர் வாசிப்பார். "சம்மதம் இருக்கிறவங்க கை தூக்கலாம்" என்பார். வீட்டுக்கு ஒரு கை எழும். அதோடு எல்லோரும் கலைந்துபோவார்கள்.

அந்த வீட்டுக்கு ஒரு கை என்பதை உடைத்தவர் நம் மாஸ்டர்தான். ஒரு வருஷம் எழுந்து நின்று பிடிபிடியென்று பிடித்தார்.

"வீடு கை தூக்குமா? செங்கல் கை தூக்குமா? மனுஷன்தான் தூக்குவான். புருஷன் சம்மதிச்சா பெண்டாட்டி சம்மதிச்சதா ஆயிடுமா? ஒவ்வொருத்தர் சம்மதமும் அவங்கவங்களோடது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் தூக்கற கை, திருட்டுக் கை!"

பெண்கள் கைதட்டினார்கள். சங்கத்தின் செகரட்டரியாக இருந்த கீழ்வீட்டு அம்மாள், வாழ்க்கையில் யாரையும் பாராட்டி அறியாதவள், "மாஸ்டர் மாதிரி ஒரு ஆம்பளை உண்டா!" என்றாள். டாக்டர் புன்னகையோடு தலையாட்டினார். விதி மாறியது: இனிமேல் ஆளுக்கு ஒரு கை. அடுத்து நடந்த வாக்கெடுப்பிலேயே மாஸ்டர் தன் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முழங்கையால் விலாவில் இடித்தால் அவள் தூக்க வேண்டும், இடிக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அப்படித்தான் அவள் முதன்முதலாகச் சுதந்திரமாகக் கை தூக்கினாள்.

மறுவருஷம் வினை போர்டு உருவத்தில் வந்தது. கூரையில் விளம்பரப் போர்டு வைத்த வண்டிகளை உள்ளே நிறுத்தக் கூடாது என்று டாக்டர் ஒரு விதியை வாசித்தார். அந்தக் கட்டடத்தில் போர்டு வைத்த வண்டி மாஸ்டருடையது ஒன்றுதான். மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இந்தச் சங்கத்துக்கு நான் எப்போ சம்மதிச்சேன்? நான் வீடு வாங்கினேன், உங்க ஆட்சியை வாங்கலை. நான் ஒத்துக்காத எதுவும் என்னைக் கட்டுப்படுத்தாது. இதோ இப்பவே சொல்றேன், நாங்க விலகிட்டோம்!"

"நியாயம்" என்றார் டாக்டர். "யாரையும் பிடிச்சு வைக்க நாங்க யாரு? ஆனா நாங்கன்னா யாரு மாஸ்டர்? ஒவ்வொருத்தர் சம்மதமும் அவங்கவங்களோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க." பிறகு மாஸ்டரின் மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களும் விலகறீங்களா?"

கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. விலாவில் இடி விழுந்தது. பலமான இடி. அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி ஒரு இடி. அவள் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லாத வரைக்கும் அவங்க எங்க ஆளுதான்" என்றார் டாக்டர். "உங்களுக்கு முழு விடுதலை, மாஸ்டர். வாழ்த்துகள்." மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லிஃப்டில் ஏறிப்போனார். அதில் அவர் ஏறியது அதுதான் கடைசி.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், மிதியடிக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் நிற்கிறான்.

"சார், மன்னிச்சுக்கோங்க. வராந்தா சங்கத்தோடது."

"அதனால?"

"நீங்க சங்கத்துல இல்லையே சார்."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலை வெளியே எடுத்து வைத்தார். வாட்ச்மேன் அவரைத் தொடவில்லை, நகரவும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. படிக்கட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கோபமாக இல்லை. ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் கையில் டீ இருந்தது. மாஸ்டர் இடித்துத் தள்ளிக்கொண்டு நுழையப் பார்த்ததும், பேப்பர் படித்தவர் "ஐயோ!" என்று தரையில் சாய்ந்தார். ஏழெட்டு செல்போன்கள் படம் பிடித்தன.

"நாங்க பலவந்தம் பண்றதில்லை மாஸ்டர்" என்று பின்னாலிருந்து டாக்டரின் தேன் குரல் வந்தது. "நீங்க பண்ணினதுதான் இப்போ பதிவாயிடுச்சு."

போலீசுக்குப் போன் போட்டார். வந்த போலீஸ்காரர் வராந்தாவில் நின்றபடியே விசாரித்தார். யாராவது அடித்தார்களா? இல்லை. கதவைப் பூட்டினார்களா? இல்லை. சங்கத்திலிருந்து விலகியது யார்? மாஸ்டர்தான். யாராவது விலகச் சொன்னார்களா? "யாரும் சொல்லலை, நானாத்தான் விலகினேன்" என்று மாஸ்டர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். போலீஸ்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, "அப்புறம் என்ன சார்?" என்றார். வராந்தாவே விழுந்து விழுந்து சிரித்தது.

மாணவர்கள் தேடி வந்தார்கள். உறுப்பினர் அல்லாதவரின் விருந்தாளிகளுக்குக் கேட் திறக்காது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள், கொஞ்ச நாளில் வேறு ஸ்கூலில் சேர்ந்துகொண்டார்கள். கட்டடத்துக் குழந்தைகள் புதிதாக ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஒருவனை உள்ளே நிறுத்துவார்கள். அவன் "நான் சுதந்திரமானவன்!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் கோட்டைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். மேல்மாடிப் பால்கனியிலிருந்து அது நன்றாகவே தெரியும். யார் வீட்டுப் பெரியவரும் அதட்டவில்லை, சிலர் நின்று ரசித்துவிட்டும் போனார்கள்.

தண்ணீர் விஷயத்தில் சங்கம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. செகரட்டரி கதவருகில் வந்து மனைவியிடம் மட்டும் பேசினாள். "உங்க பங்குத் தண்ணி நிக்காது அக்கா. குழாய்ல வர்றது உங்களோடது. நீங்க யாருக்குக் குடுக்கறீங்க, குடுக்கலைங்கிறது உங்க இஷ்டம்."

அன்று மத்தியானம் மாஸ்டர் வழக்கம்போலச் சோபாவில் சாய்ந்தபடி, "தண்ணி!" என்று குரல் கொடுத்தார். அவள் வழக்கம்போலக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். அவரை அவமானப்படுத்த வேண்டும் என்றெல்லாம் இல்லை. தன் கையில் இருப்பது தன்னுடையது என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த ஒரு நொடியில் மாஸ்டர் சோபாவிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீயும் விலகிடு" என்றார் ராத்திரிச் சாப்பாட்டின்போது. "நாம ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாத்தான் அந்தப் பல் பிடுங்கி வழிக்கு வருவான். அப்புறம், உன் இஷ்டம்."

அவள் தன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டாள். மாஸ்டர் தன் பழைய ஆயுதத்தை எடுத்தார். பேச்சை நிறுத்தினார், தட்டைத் தொடாமல் எழுந்தார். அவள் அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு, டிவியைப் போட்டாள். அவளுக்குப் பிடித்த நிகழ்ச்சி. சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்காமல் மாஸ்டர் தானாகவே அடுப்படிக்கு வந்து மூடி வைத்ததைத் திறந்து சாப்பிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அவள் வெளியே போக ஆரம்பித்தாள். முதலில் கடைக்கு, பிறகு செகரட்டரி வீட்டுக்கு. வராந்தாவில் அவளுக்கு எல்லோரும் வழி விட்டார்கள், "வாங்கக்கா" என்றார்கள். அவள் சிரிக்கிற சத்தம் லிஃப்டுக்குள்ளிருந்து கேட்டது. அந்தச் சிரிப்பு எக்ஸ்சேஞ்ச் காலத்தோடு செத்துப்போய்விட்டது என்றுதான் மாஸ்டர் நினைத்திருந்தார். சிரிக்கிற பெண் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்வதையும் அவர் கவனித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் நின்றிருந்தவர் தன் காரின் கூரையில் போர்டு இல்லாததைப் பார்த்தார். அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். வண்டிக்குள் ஸ்டியரிங் பக்கம் அவருடைய மனைவி. பக்கத்துச் சீட்டில் செகரட்டரி, காலை மடக்கிச் சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளுக்கு அங்கே ஒரு பெடல் இருப்பதே தெரியாது.

"ஏய்! யாரைக் கேட்டு வண்டியை எடுத்தே?" என்று மாஸ்டர் கத்தினார். கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வண்டி குலுங்கவில்லை. அணையவில்லை. மெல்ல, சுகமாக, கேட் வரை நகர்ந்து போய் நின்றது. செகரட்டரி கைதட்டினாள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் இறங்கவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. பிறகு குனிந்து, செகரட்டரியின் சீட்டுக்கு முன்னால் தரையோரம் இருந்த அந்தப் பெடலைப் பார்த்தாள். கையை நீட்டி அதை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "வண்டி நகர்ந்துச்சு."

மாஸ்டர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது சும்மா ஒரு விளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷமாக எத்தனை மாணவர்கள் அந்த ஜோக்குக்குச் சிரித்திருப்பார்கள் என்று அவள் கேட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மாஸ்டர் உடைந்துபோனார். தாடி வளர்ந்தது, கால் மரத்துப்போனது. எழுந்து நிற்க மறுத்து வேலையை உதறிய மனிதர், பால்கனிக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே பகலெல்லாம் கழித்தார். கடைசியில் ஒரு நாள் மனைவியைக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்தபடி, "டாக்டர்கிட்டச் சொல்லு. நான் திரும்பச் சேர்ந்துக்கறேன்" என்றார்.

டாக்டரின் பதில் அன்றே வந்தது. மிக்க மகிழ்ச்சி. ஆனால் சம்மதம் என்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் அல்லவா? மாஸ்டரை ஏற்றுக்கொள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் அடுத்த வருஷக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒருத்தருக்காக இன்னொருத்தர் தூக்க முடியாது, அது மாஸ்டரே கொடுத்த விதி.

கூட்டத்து நாள் காலையில் மாஸ்டர் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பால்கனியில் வந்து நின்றார். கீழே எல்லோரும் கூடியிருந்தார்கள். போர்டு விதிக்காக டாக்டரை அவர் மன்னித்துவிட்டார், வாட்ச்மேனைக்கூட மன்னித்துவிட்டார். வராந்தாவில் விழுந்து நடித்தவர் ஒருவர்தான் காலை வாருவார் என்று பயந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரைத் திரும்பச் சேர்த்துக்கச் சம்மதம் இருக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் டாக்டர்.

விழுந்தவர் கைதான் முதலில் எழுந்தது. பிறகு செகரட்டரி, எதிர்வீடு, பக்கத்து வீடு. வேடிக்கை பார்த்தது போதும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். பிறகுதான் இரண்டாவது வரிசையில், எழுந்த கைகளுக்கு நடுவே, ஒரு தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. நடு வகிடு நரைத்த தலை. அந்த வகிட்டை அவர் மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கையைத் தூக்குடி!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் கெஞ்சல்தான் இருந்தது. ஆனால் அவருக்குக் கெஞ்சத் தெரியாததால் அது அதட்டலாகவே வெளியே வந்தது. அவரையறியாமல் முழங்கை கம்பியை இடித்தது.

"யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது மாஸ்டர்" என்றார் டாக்டர். "அம்மா, காரணம் எதுவும் சொல்லணும்னு இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்று மாஸ்டர் லிஃப்டில் ஏறிப்போன பிறகு போர்டு விதிக்கு அவள் கை தூக்கியிருந்தாள், சங்கம் கொண்டுவந்த மற்ற எல்லாக் கண்றாவிக்கும் தூக்கியிருந்தாள். இப்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சு அடுத்த வருஷம் சொல்றேன்" என்றாள். யாரோ ஒரு குழந்தை கைதட்டியது.

மேலே வந்தவள் முகத்தில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. டிரம்மையும் வாளிகளையும் குழாயடியில் வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். சமைத்ததை மூடி வைத்தாள். அலமாரியிலிருந்து புடவைகளை எடுத்துப் பையில் அடுக்கினாள். மாஸ்டர் அறைக்கு அறை அவள் பின்னாலேயே போனார்.

"எங்கே போறே?"

"அக்கா வீட்டுக்கு."

"எப்போ வருவே?"

அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டாள். "வரும்போது வருவேன்" என்றாள்.

வாசற்கதவை அவள் சாத்தவில்லை, சாத்த வேண்டிய அவசியமும் இல்லை. அவள் லிஃப்டில் இறங்குவதைத் திறந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு மாஸ்டர் பால்கனிக்கு ஓடினார். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவருடைய வலது கால் பால்கனித் தரையை அழுத்தி மிதித்தது. வண்டி கேட்டைத் தாண்டி, இண்டிகேட்டர் போட்டு, சரியாகத் திரும்பிப் போனது.